ஒற்றை வரி விதி எங்களைக் காக்காது: உள்ளாட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உள்ளாட்சி மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் விதிகளை வரையும் அலுவலர்களுக்கும்,

"தீயணைப்புப் பணிக்கு எவரும் இடையூறு செய்யக் கூடாது, மீறினால் அபராதம்." பல உள்ளாட்சி விதித்தொகுப்புகளில் தீயணைப்பு வீரரையும் வண்டியையும் காக்க இருப்பது இந்த ஒற்றை வரிதான். தொகுப்பைத் திருத்தும்போதெல்லாம் விளம்பரப் பலகை எத்தனை அடி இருக்கலாம், சுற்றுச்சுவர் எவ்வளவு உயரலாம் என்று பக்கம் பக்கமாக அளவு எழுதுகிறீர்கள். இந்த வரி மட்டும் பழைய தொகுப்பிலிருந்து அப்படியே நகலாகி வந்து உட்காருகிறது. எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், களத்தில் யார் சொல்வது செல்லும், சேதத்துக்கு யார் பொறுப்பு என்று எதுவும் அதில் இல்லை. இதை இனியும் பேசாமல் ஏற்றுக்கொள்ள எங்களால் முடியாது. பம்பை இயக்குகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், தண்ணீர் பீய்ச்சும் குழாய்முனையான நாசிலைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் போகிறவர்கள் என்ற முறையில், விதியில் என்ன எழுதப்பட வேண்டும், ஏன் எழுதப்பட வேண்டும் என்பதை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில், எங்கள் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். பஞ்சும் மரமுமாக இருந்த பழைய அறைகலன்களின் இடத்தை பாலியூரித்தேன் நுரையும் செயற்கை இழைகளும் பிடித்துக்கொண்டன. பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூ.எல். ஆய்வகம் ஒரே அளவுள்ள இரண்டு அறைகளை எரித்துப் பார்த்தது. பழைய பாணிச் சாமான்கள் இருந்த அறை முழுவதும் பற்றிக்கொள்ள ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது. இன்றைய சாமான்கள் இருந்த அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. கூரையடியில் தேங்கும் புகையின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை ஒட்டும்போது அறையில் உள்ள எல்லாப் பொருளும் ஒருசேரத் தீப்பிடிக்கும். அதை ஃப்ளாஷ் ஓவர் என்கிறோம். அந்த நேரத்தில் உள்ளே சிக்கிய வீரரின் பாதுகாப்பு உடை அவருக்கு வாங்கித் தருவது சில நொடிகளை மட்டுமே.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. வண்டியின் தொட்டி ஊருக்கு ஊர் மாறும். 1,900 லிட்டர் தொட்டியும் உண்டு, 4,500 லிட்டர் தொட்டியும் உண்டு. 45 மில்லிமீட்டர் ஹோஸ், அதாவது நாங்கள் விரித்து இழுக்கும் தண்ணீர்க் குழாய், ஒன்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 450 லிட்டர் போகும். இரண்டு ஹோஸ் ஓடினால் சிறிய தொட்டி இரண்டு நிமிடத்தில் காலி, பெரிய தொட்டி ஐந்து நிமிடத்தில் காலி. அதற்குள் ஹைட்ரண்ட் தண்ணீர், அதாவது தீயணைப்புக்கென்று தெருவில் வைத்த குழாய்த்திறப்பின் தண்ணீர், பம்புக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே இருப்பவர்களின் கையில் வெறும் குழாய்தான் இருக்கும். மூச்சுக்கருவியிலும் இதே நெருக்கடி. 30 நிமிட சிலிண்டர் என்று பெயரிடப்பட்டதில் ஏறத்தாழ 1,200 லிட்டர் காற்று இருக்கிறது. படியேறி, கனமான ஹோஸை இழுத்து, ஆளைத் தேடும்போது ஒருவர் நிமிடத்துக்கு 80 லிட்டர் வரை இழுத்துவிடுவார். பதினைந்து நிமிடம்தான். திரும்பி வெளியே வருவதும் அதற்குள் அடக்கம்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஹைட்ரண்டின் முன்னால் நிற்கும் காரைப் பாருங்கள். "ஓரமாகத்தானே நிறுத்தினேன்" என்று உரிமையாளர் சொல்வது எங்களுக்கும் கேட்கிறது. ஆனால் 100, 125 மில்லிமீட்டர் ஹோஸ் தண்ணீர் நிரம்பிய பிறகு கூர்மையாக வளையாது. காரைச் சுற்றி வளைத்தால் மடிந்து, பம்புக்கு வரும் நீரின் அளவு விழுந்துவிடும். காரின் இரு பக்கக் கண்ணாடிகளையும் உடைத்து ஹோஸை ஊடே விடும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது ஆத்திரத்தில் செய்வது இல்லை, வேறு வழி இல்லாமல் செய்வது. அப்படி விட்டாலும் கதவு விளிம்பில் ஹோஸ் மடியத்தான் செய்யும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஹைட்ரண்டிலிருந்து 15 அடி, அதாவது சுமார் நாலரை மீட்டர் தூரத்துக்குள் வண்டி நிறுத்தத் தடை இருப்பதற்கு இந்த வளைவுதான் காரணம். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசத் தீ விதித்தொகுப்பு ஹைட்ரண்டைச் சுற்றி 3 அடி, ஏறத்தாழ 90 சென்டிமீட்டர், எப்போதும் வெற்றிடமாக இருக்க வேண்டும் என்கிறது. திறப்பதற்கான நீண்ட கைப்பிடிச் சாவியை முழு வட்டம் சுற்றுவதற்குத் தேவையான இடம் அது. செடித்தொட்டி, குப்பைத்தொட்டி, வேலிக்கம்பி எது குறுக்கே இருந்தாலும் சாவி பாதிச் சுற்றில் நின்றுவிடும்.

இங்கே உங்கள் பொறுப்பையும் சொல்லியாக வேண்டும். ஹைட்ரண்ட் தரைக்கடியில் மூடிக்குக் கீழே இருக்கும் ஊர்களில் அந்த மூடியின் மேல் கார் நின்றால் ஹைட்ரண்ட் இருந்தும் இல்லாததே. அதைவிட மோசமானது சாலைக்குப் புதிதாகத் தார் போடும்போது மூடியும் சேர்ந்து புதைந்துபோவது. அதைச் செய்வது குடிமக்கள் இல்லை, உங்கள் ஒப்பந்தக்காரர்கள். சாலை வேலை முடிந்ததும் ஒவ்வொரு மூடியும் தெரிகிறதா, திறக்கிறதா என்று சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்தத் தொகை விடுவிக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரி எந்த அபராதத்தையும்விட அதிகம் பயன்படும் என்பது எங்கள் எண்ணம்.

கட்டுமானத்துக்கும் வண்டி கழுவவும் ஹைட்ரண்டை அனுமதியின்றித் திறப்பதும் பரவலாக நடக்கிறது. தண்ணீர் போவது அதில் சிறிய நட்டம். வேகமாக மூடினால் குழாயில் ஓடிக்கொண்டிருந்த நீர் முட்டி அழுத்தம் எகிறும். பழைய குழாயின் மூட்டு விட்டுப்போகும். உறைபனி விழும் ஊர்களில் உள்ள, மூடியதும் தண்டில் நீர் தங்காமல் வடிந்துவிடும் வறண்ட தண்டு வகை ஹைட்ரண்டைப் பாதி மட்டும் திறந்தால் அடியிலுள்ள வடிகால் துளை மூடாது. அழுத்தத்தோடு பீறிடும் நீர் அடிமண்ணை அரித்துவிடும். இதெல்லாம் அன்றைக்கே தெரியாது. தீ வரும் நாளில்தான் தெரியும். பயிற்சி பெற்றவரிடம் அனுமதிச்சீட்டு, நீர்மானி, எடுத்த நீர் குழாய்க்குள் திரும்பாமல் காக்கும் பின்னோட்டத் தடுப்பான் மூன்றும் இருந்தாலொழிய எவரும் ஹைட்ரண்டைத் தொடக் கூடாது என்று விதி சொல்ல வேண்டும். ஆண்டுக்கொருமுறை நீர்வரத்தை அளந்து மூடிக்கு வண்ணம் பூசுவதும் எளிது: அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் முறையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,700 லிட்டரும் அதற்கு மேலும் தருவதற்கு வெளிர்நீலம், 3,800க்கு மேல் பச்சை, 1,900க்கு மேல் ஆரஞ்சு, அதற்கும் கீழே சிவப்பு. சிவப்பு மூடியைத் தூரத்திலேயே பார்க்கும் பம்ப் ஓட்டுநர் அதை நம்பி இரண்டு ஹோஸை விரிக்க மாட்டார். அடுத்த ஹைட்ரண்டுக்கு ஆள் அனுப்புவார்.

சாலையில் கிடக்கும் ஹோஸின் மேல் வண்டி ஏற்றுவதை இன்னும் பலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். விதி எழுதுகிறவர்களும் அப்படியே நினைக்கிறார்களோ என்று தோன்றுகிறது, ஏனென்றால் பல தொகுப்புகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. சக்கரம் ஏறிய கணத்தில் ஹோஸ் அடைபடுகிறது. மறுமுனையில் நாசிலில் தண்ணீர் நின்றுவிடும். சக்கரம் இறங்கியதும் தேங்கிய அழுத்தம் ஒரே அடியாகப் பாயும். நிமிடத்துக்கு 570 லிட்டர் விடும் நாசில் 7 பார் அழுத்தத்தில் சாதாரணமாகவே 30 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு பின்னுக்குத் தள்ளும். ஒருவர் மண்டியிட்டு, இன்னொருவர் பின்னால் தாங்கிப் பிடிக்கிறார். படிக்கட்டில் நிற்கும்போது அந்த விசை நின்று திடீரென எகிறினால் இருவரும் நிலைதடுமாறுவார்கள். நாசில் கையை விட்டுப் போனால் அதன் உலோகத் தலை சவுக்கடி போல் வீசியடிக்கும், எலும்பு முறியும்.

சேதம் அதோடு முடிவதில்லை. டயருக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கிய ஹோஸின் உள்பூச்சு நெசவிலிருந்து பிரிந்துவிடும். அன்று வெடிக்காது, வேறொரு நாள், வேறொரு தீயில் வெடிக்கும். ஹோஸோடு ஹோஸைப் பூட்டும் உலோக மூட்டான கப்ளிங் மேல் சக்கரம் ஏறினால் அதன் வட்டம் கோணிவிடும், பிறகு எதனோடும் பூட்டாது. தாழ்வான காரின் அடியில் கப்ளிங் மாட்டிக்கொண்டால் ஹோஸ் இழுபடும்; அந்த இழுவை வீட்டுக்குள் நாசில் பிடித்திருப்பவர் வரை போகும். தண்ணீர் நிரம்பிய 65 மில்லிமீட்டர் ஹோஸில் 30 மீட்டருக்கு நீரின் எடை மட்டுமே 100 கிலோ. அதை மறுபடி இழுத்துச் சரிசெய்ய ஆட்களும் இல்லை, நேரமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணே தெரியாத புகையில் ஹோஸ்தான் வீரருக்கு வெளியேறும் வழி. கையால் தடவிக் கப்ளிங் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உணர்ந்து வாசலின் திசையை அறிகிறார். அந்த ஹோஸை வெளியிலிருந்து ஒரு கார் இழுத்துப் போட்டுவிட்டால் அவருடைய வழி போனது.

ஆகவே விதி இப்படி இருக்க வேண்டும்: சக்கரம் நசுக்காமல் கடக்க வைக்கும் பாதுகாப்பு மேடு இல்லாத எந்த ஹோஸின் மேலும், தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், களத்தில் பொறுப்பிலுள்ள தீயணைப்பு அலுவலர் நேரில் சைகை காட்டாமல் எந்த வாகனமும் ஏறக் கூடாது. "தண்ணீர் இல்லாவிட்டாலும்" என்பதை விட்டுவிடாதீர்கள். காலியாகக் கிடக்கும் ஹோஸில் அடுத்த நொடியே பம்ப் திறக்கப்படலாம். ஏறிவிட்டவரிடமிருந்து வெறும் அபராதம் வாங்கினால் போதாது. அந்த ஹோஸை ஏறத்தாழ 20 பார் அழுத்தத்தில் 5 நிமிடம் வைத்துச் சோதிக்கும் செலவையும், தேறாவிட்டால் புதிய ஹோஸின் விலையையும் அவரே தர வேண்டும்.

வழித்தடத்துக்கு வருகிறோம். சர்வதேசத் தீ விதித்தொகுப்பு தீயணைப்புப் பாதைக்கு 20 அடி அகலமும் 13 அடி 6 அங்குல உயரமும் கேட்கிறது. மீட்டரில் ஏறத்தாழ 6.1, 4.1. "வண்டியே இரண்டரை மீட்டர்தான், 6 மீட்டர் எதற்கு?" என்று திட்டக் கூட்டங்களில் கேட்கிறார்கள். வண்டி வந்து நின்ற பிறகு அதன் இருபுறப் பெட்டிக் கதவுகள் திறக்க வேண்டும். ஆள் நின்று கருவி இறக்க வேண்டும். ஹோஸ் விரிய வேண்டும். அதன்பின் ஏணி வண்டியோ ஆம்புலன்ஸோ அதைத் தாண்டிப் போக வேண்டும். முதல் வண்டி நுழைவதற்கு மட்டும் அகலம் விட்டால், அந்த முதல் வண்டியே தெருவை அடைத்த தக்கையாகிவிடும். உயரமான கட்டடங்களின் முன் ஏணி வண்டி நிற்கும் இடத்தில் அகலம் 26 அடி, ஏறத்தாழ 7.9 மீட்டர் வேண்டும் என்பதற்குக் காரணம் வண்டி சாயாமல் இருபுறமும் ஊன்றும் அதன் பக்கவாட்டு ஜாக்குகள். அவை முழுவதும் விரியாவிட்டால் அந்தப் பக்கம் ஏணியை நீட்ட முடியாது. கட்டடத்துக்கும் அந்தப் பாதைக்கும் இடைவெளி 15 அடிக்குக் குறையவும் கூடாது, 30 அடிக்கு மிகவும் கூடாது. அதிகம் நெருங்கினால் ஏணி செங்குத்தாகி மேல்தளச் சன்னலை எட்டாது, அதிகம் விலகினால் நீளம் போதாது. ஜாக் ஊன்றும் இடத்தில் நிலவறை மூடியோ புல் நட்ட ஓட்டைக் கல்லோ இருந்தால் முப்பது டன்னுக்கு மேற்பட்ட வண்டி அப்படியே சாயும் ஆபத்து உண்டு. தரையின் தாங்குதிறன் எழுதிய பலகை அங்கே இருக்க வேண்டும்.

தென்கொரியாவின் ஜேச்சொன் நகரில் 2017 டிசம்பர் 21 அன்று ஓர் எட்டு மாடி உடற்பயிற்சி மையம் எரிந்து 29 பேர் இறந்தார்கள். கட்டடத்துக்குப் போகும் வழியில் சட்டத்தை மீறி நிறுத்தப்பட்டிருந்த கார்கள் ஏணி வண்டியைத் தாமதப்படுத்தின. அதன்பின் 2018இல் அந்த நாடு விதியை இறுக்கியது: அவசரத்தில் தீயணைப்புப் படையினர் அகற்றும்போது சேதமடையும் கார், சட்டவிரோதமாக நிறுத்தப்பட்டதாக இருந்தால் இழப்பீடு கிடையாது. உங்கள் விதியில் இல்லாத வரி இதுதான். குறுக்கே நிற்கும் காரை இடித்துத் தள்ள எங்கள் ஓட்டுநருக்குத் தெரியும். தள்ளினால் நாளை வழக்கு யார் மேல் வரும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. அந்தத் தயக்கத்துக்கு ஒரு நிமிடம் போகிறது. ஒரு நிமிடத்தின் விலையை மேலே சொல்லிவிட்டோம்.

தெரு நடுவே நிற்கும் காரைவிட முக்கில் நிற்கும் கார் எங்களுக்குப் பெரிய தொல்லை. பத்து மீட்டர் நீள வண்டி திரும்பும்போது அதன் வால் வெளியே வீசும், பின்சக்கரம் உள்ளே வெட்டும். முக்கிலிருந்து குறைந்தது 6 மீட்டருக்குத் தடைக்கோடு போடுங்கள். வேகத்தடைகள் அமைக்கும் முன் நிலையத்தைக் கேளுங்கள். டன் கணக்கில் நீர் சுமக்கும் வண்டி ஒவ்வொரு மேட்டிலும் ஏறக்குறைய நின்று ஏற வேண்டியிருக்கிறது. அகலமான அச்சுள்ள வண்டி இருபுறமும் சக்கரத்தை விட்டுக் கடக்கும்படி இடைவெளி விட்ட மெத்தைத் தடை என்று ஒன்று இருக்கிறது. காரை அது நிறுத்தும், எங்களை நிறுத்தாது. பூட்டிய வாயில்களுக்கு எல்லாம் ஒரே பொதுச்சாவி போதும்.

சாலையில் நடப்பதைப் பற்றி. தீயணைப்பு வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது எல்லா இடத்திலும் விதி. வழிவிட்ட பிறகு அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவதைத் தடுக்கும் விதி எல்லா இடத்திலும் இல்லை. அமெரிக்காவில் பரவலாக உள்ள வரம்பு 500 அடி, ஏறத்தாழ 150 மீட்டர். இரண்டாவது வண்டி பின்னால் வந்துகொண்டிருக்கும், முன்வண்டி எதிர்பாராத இடத்தில் நிற்கும், ஓரம் ஒதுங்கிய வாகனங்கள் முன்வண்டி போனதும் மறுபடி சாலைக்குள் வரும். இந்த மூன்றிலும் மோதுகிறவர் பின்தொடர்ந்தவர்தான்.

நெடுஞ்சாலை விபத்தில் வேலை செய்யும்போது வண்டியைச் சாய்வாக நிறுத்துவது வேண்டுமென்றே செய்வது. வரும் போக்குவரத்துக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் நடுவில் அது கேடயம். விபத்து நடந்த தடத்தோடு பக்கத்துத் தடத்தையும் சேர்த்து அடைப்போம். முன்சக்கரத்தை ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி வைப்போம், யாராவது இடித்தாலும் வண்டி நம் ஆட்கள் மேல் உருளக் கூடாது என்பதற்காக. இதைக் களத்தில் யார் முடிவு செய்வது என்று எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் சூலா விஸ்டாவில் நடந்ததே சான்று: விபத்து இடத்தில் வண்டியை நகர்த்த மறுத்த தீயணைப்பு வீரருக்கு நெடுஞ்சாலைக் காவலர் கைவிலங்கு மாட்டினார். அடிபட்டவர்கள் இன்னும் சாலையில் இருந்தார்கள். இரண்டு துறையும் நல்ல துறைகளே. விதியில் இருந்த ஓட்டைதான் அவர்களை மோதவிட்டது.

நெரிசலில் மீட்பு வழி விடுவதையும் நீங்கள் விதியாக்கலாம். ஆஸ்திரியா 2012 ஜனவரியிலிருந்து இதைக் கட்டாயமாக்கியது. போக்குவரத்து மெதுவாகத் தொடங்கியதுமே, சைரன் கேட்கும் முன்பே, இடக்கோடித் தடத்தில் இருப்பவர்கள் இடதுபக்கமும் மற்ற எல்லோரும் வலதுபக்கமும் ஒதுங்கி நடுவில் வழி வைக்கிறார்கள். நின்றுவிட்ட வாகனங்களால் ஒதுங்க முடியாது என்பதால்தான் "முன்பே" என்பது அதில் உயிர்நாடி. வலதுபக்கமாக ஓட்டும் நாடுகளுக்கான ஏற்பாடு அது. இடதுபக்கமாக ஓட்டும் இடங்களில் பக்கத்தை மாற்றி எழுத வேண்டும்.

களத்தைச் சுற்றிய தடுப்பு எல்லையை நாடாக் கட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். எவ்வளவு தூரம் என்பதை அலுவலர் தீர்மானிப்பார், அதை மீறுவது தனிக் குற்றம் என்று எழுதுங்கள். சாயும் சுவருக்கு அதன் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் நிற்கிறோம். அறுந்து கிடக்கும் மின்கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர். சூடேறிய அசிட்டிலின் சிலிண்டர் இருந்தால் கணக்கே வேறு. வெளித்தீ அணைந்த பிறகும் உள்ளே வாயு சிதைந்துகொண்டிருக்கலாம் என்பதால் தடுப்பு நூறு மீட்டர் கணக்கில் விரியும், மணிக்கணக்கில் நீளும். கடைக்காரர்கள் பொறுமை இழந்து கயிற்றைத் தாண்டுவது அப்போதுதான்.

உதவ நினைத்துச் செய்யும் கேட்டையும் சொல்ல வேண்டும். புகை போகட்டும் என்று வெளியே நிற்பவர் சன்னலை உடைக்கிறார், பின்கதவைத் திறந்து வைக்கிறார். காற்றில்லாமல் அடங்கிக் கிடந்த தீக்கு அது மூச்சு. ஓரிரு நிமிடத்தில் அறை ஃப்ளாஷ் ஓவராகும், அதற்குள் வீரர்கள் தாழ்வாரத்தில் தவழ்ந்து வந்துகொண்டிருப்பார்கள். இன்னொருவர் தோட்டக் குழாயால் எதிர்ச்சன்னலில் தண்ணீர் அடிக்கிறார். நீராவியும் வெப்பமும் உள்ளே வருகிறவர்கள் முகத்தில் திரும்புகிறது. இவர்களைத் தண்டியுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. படை வந்து சேர்ந்த பிறகு கதவு, சன்னல், பம்ப், வால்வு எதையும் அலுவலர் சொல்லாமல் தொடக் கூடாது என்பது விதியாகவும் மக்களுக்குச் சொல்லப்படும் செய்தியாகவும் இருந்தால் போதும்.

டிரோன் விஷயத்தில் மென்மை வேண்டாம். நீர் வீசும் விமானங்கள் தரையிலிருந்து சில பத்து மீட்டர் உயரத்திலேயே பறக்கின்றன; டிரோன் பறப்பதும் அங்கேதான். 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் காட்டுத்தீயில் ஒரு தனியார் டிரோன் மோதி, கனடாவிலிருந்து வந்திருந்த நீர்வீச்சு விமானத்தின் இறக்கையில் துளை விழுந்தது. தீ எரிந்துகொண்டிருந்த நாட்களில் அது தரையில் நிற்க வேண்டியதாயிற்று.

அதே வேளையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம்: தடுப்புக்கு வெளியே நின்று படம் எடுப்பவரையோ கேள்வி கேட்பவரையோ மிரட்டுவதற்கு இந்த விதி பயன்படக் கூடாது. "இடையூறு" என்ற பெயரில் யாரையும் பிடிக்கலாம் என்று திறந்து விட்டால் அது எங்களுக்கும் மக்களுக்கும் நடுவில் பகையைத்தான் வளர்க்கும். தூரத்தை அளந்து எழுதுங்கள் என்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொய் அழைப்புக்குத் தண்டனை வையுங்கள். ஆனால் நல்லெண்ணத்தோடு தவறாக அழைத்தவருக்கும், தன் தவற்றால் தீப்பிடித்ததைத் தானே சொல்ல அழைத்தவருக்கும் விலக்கு வையுங்கள். அமெரிக்காவின் வூஸ்டரில் 1999 டிசம்பர் 3 அன்று கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கில் தங்கியிருந்த இருவரால் தற்செயலாகத் தீப்பிடித்தது. அவர்கள் யாருக்கும் சொல்லாமல் வெளியேறிவிட்டார்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்று நம்பித் தேடப் போனதில் ஆறு வீரர்கள் இறந்தார்கள். வீரர்களை எச்சரிக்க, கைவிடப்பட்ட கட்டடங்களின் முகப்பில் சிவப்புப் பெருக்கல் குறி இடும் வழக்கம் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் இருக்கிறது. 1988 ஜூலையில் நியூ ஜெர்சியின் ஹாக்கென்சாக்கில் மரச் சட்டகக் கூரை இடிந்து ஐந்து வீரர்கள் மாண்டார்கள்; இன்று அந்த மாநிலத்தில் சட்டகக் கூரையோ தளமோ உள்ள கட்டடங்களின் வாசலில் முக்கோண அடையாளப் பலகை இருக்கிறது. ஓர் ஆணியும் ஒரு தகரமும்தான் செலவு.

எங்கள் தரப்புக் கடமையையும் அதே தொகுப்பில் எழுதுங்கள். சைரன் எங்களுக்குக் கொடுத்திருப்பது முன்னுரிமை மட்டுமே. சிவப்பு விளக்கில் எங்கள் வண்டி முழுவதும் நின்று, ஒவ்வொரு தடமும் நின்றுவிட்டதைப் பார்த்த பிறகே கடக்க வேண்டும். வண்டி நகரும்போது எல்லோரும் இருக்கைப் பட்டை அணிந்திருக்க வேண்டும். தடுப்பு தேவையில்லாத கணத்தில் சாலையைத் திறந்துவிட வேண்டும்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

ஒற்றை வரியை நீக்கிவிட்டு, மேலே சொன்ன அளவுகளோடு தனி அத்தியாயம் எழுதுங்கள்: ஹைட்ரண்டுக்கு நாலரை மீட்டர் நிறுத்தத் தடையும் 90 சென்டிமீட்டர் வெற்றிடமும், பின்தொடர 150 மீட்டர், பாதைக்கு 6.1 மீட்டர் அகலமும் 4.1 மீட்டர் உயரமும், ஏணி வண்டி நிற்குமிடத்தில் 7.9 மீட்டர். உங்கள் ஊர்த் தெரு அதற்கு இடம் தராவிட்டால் எந்தத் தெருவில் எவ்வளவு இருக்கிறது என்று எங்களோடு நடந்து அளந்து, அந்தத் தெருவுக்கு ஒருபக்க நிறுத்தத் தடை அறிவியுங்கள்.

அவசரத்தின்போது வாகனத்தையோ வேலியையோ வாயிலையோ அகற்றும் அதிகாரத்தைக் களப் பொறுப்பு அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். நல்லெண்ணத்தோடு அதைச் செய்தவர் மேல் தனிப்பட்ட வழக்கு வராது என்றும், சட்டவிரோதமாக நிறுத்திய வாகனத்துக்கு இழப்பீடு இல்லை என்றும், முறையாக நின்ற வாகனத்துக்கு மன்றமே இழப்பீடு தரும் என்றும் சேர்த்து எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டால் முதலிரண்டும் நியாயமாகாது.

விபத்துக் களத்தில் உயிர்மீட்பு முடியும்வரை வண்டி நிற்கும் இடத்தைத் தீயணைப்பு அலுவலர் தீர்மானிப்பார், அதன்பின் போக்குவரத்தைக் காவல்துறை ஏற்கும் என்று இரு துறைகளும் கையெழுத்திட்ட உடன்பாட்டை விதியோடு இணையுங்கள்.

ஹோஸ் மேல் ஏறுதல், தடுப்பை மீறுதல், களத்தின் மேல் டிரோன் விடுதல், கருவிகளைத் தொடுதல், பணியில் இருப்பவரைத் தாக்குதல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிக் குற்றமாக வரையறுத்து, சேதச் செலவை மீட்கும் வழியையும் சொல்லுங்கள்.

தெருவை அடைக்கும் எந்தப் பணிக்கும் நிகழ்ச்சிக்கும் 48 மணி நேரம் முன்பே நிலையத்துக்கு எழுத்துத் தகவல் தர வேண்டும். தடுப்பை நகர்த்தக்கூடிய ஆள் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இது அனுமதிப் படிவத்திலேயே அச்சாகட்டும்.

ஹைட்ரண்டுகள், பொதுச்சாவி வாயில்கள், கைவிடப்பட்ட கட்டடங்கள் ஆகியவற்றின் பட்டியலை ஆண்டுதோறும் சரிபார்த்து நிலையத்துக்குக் கொடுங்கள். வேலை செய்யாத ஹைட்ரண்டில் பழுது என்று காட்டும் வளையத்தை அன்றே மாட்டி எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பழுது பார்ப்பதற்குக் கெடு நாளும் பொறுப்பான பொறியாளரின் பதவியும் விதியில் இருக்க வேண்டும்.

வரைவு தயாரானதும் வாக்கெடுப்புக்கு 30 நாள் முன்பாக உங்கள் பகுதி நிலைய அலுவலருக்கும் பம்ப் ஓட்டுநர்களுக்கும் அனுப்புங்கள். நாங்கள் வரிக்கு வரி எழுத்தில் பதில் தருகிறோம். அடுத்த மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துவிட்டு, சேர்த்த தேதியை எங்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தீயணைப்பு, மீட்புப் பணியில் இருப்போர்